அறுபத்து நாலாவது அடி

எங்கள் அணையில் மதகு இயக்கிக்கொண்டிருந்த அண்ணனைப் போலப் பயப்படுகிற ஆளை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. பல்லி, இடி, மேலதிகாரி, ஈரத் தரை, தபாலில் வருகிற நீளமான உறை, இதில் எது எதிரே வந்தாலும் அவருக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அணைமேல் நடக்கும்போது கைப்பிடிச் சுவரை விட்டு இரண்டு முழம் தள்ளியே நடப்பார். இருபத்தாறு வருஷம் அங்கே வேலை பார்த்தவர், ஒரு நாளும் எட்டிக் கீழே பார்த்ததில்லை. நாங்கள் எல்லோரும் அவரைப் 'பயந்தாங்கொள்ளி' என்றுதான் கூப்பிட்டோம். முகத்துக்கு நேராகவே கூப்பிட்டோம். அவர் கோபித்துக்கொண்டதில்லை. கோபப்படவும் அவருக்குப் பயம் என்று சொல்லிச் சிரித்தவள் நான்தான்.

என் வேலை நீர்மட்டம் பார்ப்பது. மணிக்கு ஒரு தரம் அணைச் சுவரில் பதித்திருக்கும் அளவுப் பலகையைப் போய் எட்டிப் பார்த்து, தலைமை அலுவலகத்துக்குப் போனில் எண்ணைச் சொல்ல வேண்டும். எங்கள் இருவருக்கும் சேர்த்து அணையின் ஒரு முனையில் ஒரே அறை. ஒரு மேஜை, ஒரு போன், இரண்டு நாற்காலி, அவருடைய எண்ணெய்க் குவளையும் கிரீஸ் டப்பாவும். ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் அணையின் சுவர், இன்னொரு பக்கம் ஏரி மாதிரி தேங்கிய தண்ணீர், அதற்கு அக்கரையில் மலை. மலைக்கு அந்தப் பக்கம் வேறு நாடு.

மதகைத் திறக்கும் முன் சைரன் ஊதிவிட்டு ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. அண்ணன் கால் மணி நேரம் காத்திருப்பார். "கீழ யாராச்சும் துணி துவைச்சிட்டு இருந்தா, மூட்டை கட்டி எழுந்து வரணும்ல?" என்பார். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், அப்போதிருந்த பெரியவர் சைரன் ஊதாமல் திறந்துவிட்டாராம். ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த அக்கா தங்கை இரண்டு பேரை மறுநாள்தான் எடுத்தார்கள். அவர்களைக் கரையில் கிடத்தியபோது இவர் பக்கத்தில் நின்றிருக்கிறார். அன்றைக்குப் பிடித்த பயம் அது, விடவே இல்லை.

அவருக்கு மனைவி இல்லை, ஒரே மகள். அணைக்குக் கீழே ஐந்தாவது மைலில் இருக்கும் ஊரில், ஆற்றோரத் தெருவில் வாழ்க்கைப்பட்டாள். கல்யாணப் பேச்சின்போது இவர் மூக்கால் அழுதது எங்கள் அலுவலகம் முழுக்கத் தெரியும். "மாப்பிள்ளைக்கு என்னண்ணே குறை?" என்று கேட்டேன். "மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை தங்கச்சி. வீடுதான் தாழ்வா இருக்கு" என்றார்.

சண்டை வரும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த கோடையில், நிவாரணச் சங்கத்திலிருந்து ஒரு வக்கீலம்மா வந்து எங்களுக்கு ஒரு நாள் வகுப்பு எடுத்தார். போருக்கும் சட்டம் இருக்கிறது என்று ஆரம்பித்தார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தம்மா கண்டுகொள்ளவில்லை. அடிபட்டுக் கிடப்பவனை அடிக்கக் கூடாது, சரணடைந்தவனைச் சுடக் கூடாது, ஆஸ்பத்திரியைத் தொடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்து அணைக்கு வந்தார். உடைந்தால் ஊரையே அழிக்கிற அணையை எதிரி தாக்கக் கூடாது. அதே மாதிரி, அணையை வைத்திருப்பவர்களும் அங்கிருந்து போர் நடத்தக் கூடாது. அணையைக் காக்க மட்டும் ஆயுதம் வைத்துக்கொள்ளலாம். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குத் தெரிவதற்காக ஒரு குறி உண்டு. ஒரே அளவில் மூன்று ஆரஞ்சு வட்டங்கள், ஒரே வரிசையில்.

சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம். பாதிப் பேர் தூங்கிவிட்டோம். அண்ணன் மட்டும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார்.

"அம்மா, இந்தச் சட்டம் அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கும் தெரியுமா?"

"தெரியணும். அவங்களும் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"போட்டவர் பெரிய மனுஷரா இருப்பார். பீரங்கி பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரியுமா?"

அந்தம்மா கையிலிருந்த சின்னக் கையேட்டைப் பிரித்து, மூன்று வட்டப் படத்தை அவரிடம் காட்டினார். "குறி இல்லைன்னாலும் அணை அணைதான், அடிக்கக் கூடாது. ஆனா நீங்க கேக்கிறது நியாயம். அவனுக்காகத்தான் இந்தக் குறியே. எவ்வளவு பெரிசா போடுறீங்களோ அவ்வளவு நல்லது" என்றார். போகும்போது அந்தச் சின்னக் கையேட்டை அண்ணனிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

பெரிசாக என்று கேட்டதும் எங்கள் இன்ஜினியருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஏரிப் பக்கத்துச் சுவரில், இரண்டு மதகுகளுக்கு நடுவே வழவழவென்று ஒரு பட்டை உண்டு. அகலம் குறைவு, உயரம் அதிகம். அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வட்டம் போடச் சொன்னார். ஒவ்வொன்றும் ஆறு அடி. கீழ் வட்டத்தின் அடி விளிம்பு, அளவுப் பலகையில் அறுபத்து நாலாவது அடிக்கு நேராக நின்றது.

அணையின் முழுக் கொள்ளளவு தொண்ணூறு அடி. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் நாலு வருஷமாக மழை இல்லை, தண்ணீர் அறுபதைத் தாண்டியதே இல்லை. அந்தச் சுவரில் செடி முளைத்து, குருவி கூடு கட்டியிருந்தது. தினமும் தண்ணீரை அளந்து பிழைப்பவர்களான எங்களுக்கே அது நனைகிற சுவர் என்பது மறந்துபோய்விட்டது. ஒருவர் மட்டும் மறக்கவில்லை.

"ஐயா, தண்ணி வந்தா வட்டம் முழுகிடும்" என்றார் அண்ணன்.

"வரட்டும்யா, உன் வாய்க்குச் சர்க்கரை போடறேன்" என்றார் இன்ஜினியர். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் சில சமயம் பேயே வந்துவிடுகிறது. சண்டையும் மழையும் ஒரே வாரத்தில் வந்தன. முதல் நாளே இன்ஜினியர் தலைமை அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டார், அங்கிருந்து மேற்பார்வை பார்ப்பாராம். ஐந்தாம் நாள் ஒரு கேப்டனும் இருபது சிப்பாய்களும் வந்தார்கள். கரைமேல் இரண்டு பீரங்கிகளை நிறுத்தி, வாயை அக்கரை மலைப்பக்கம் திருப்பினார்கள். அன்று மத்தியானமே சுட ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொரு வெடிக்கும் எங்கள் மேஜைமேல் போன் துள்ளியது. கொஞ்ச நேரத்தில் மலையிலிருந்து பதில் வந்தது. இரண்டு குண்டுகள் ஏரியில் விழுந்து தண்ணீரைப் பனைமர உயரத்துக்குத் தூக்கின. அண்ணன் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டார்.

"வீட்டைப் பூட்டிட்டு மேட்டுக்குப் போயிடும்மா."

மகள் பேசியது எனக்கும் கேட்டது. "அத்தையைத் தூக்கிட்டு எங்கப்பா போறது? ஒரு பக்கம் கை கால் விழுந்து மூணு மாசமாச்சு. திருப்பிப் படுக்க வைக்கவே ரெண்டு ஆள் வேணும். பாதையெல்லாம் வேற அடைச்சு வெச்சிருக்காங்க. நீங்க எதுக்கெடுத்தாலும் இப்படித்தான் பயப்படுவீங்க."

மறுநாள் காலையில் அவர் செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை. கையேட்டை எடுத்துக்கொண்டு நேராகக் கேப்டனிடம் போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"ஐயா, தப்பா நினைக்கக் கூடாது. அணையில இருந்து சண்டை போடக் கூடாதுன்னு இதுல போட்டிருக்கு."

நான் நினைத்தபடி கேப்டன் கத்தவில்லை. அவரை உட்காரவைத்து டீ கொடுத்தார். "பெரியவரே, எனக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. நீங்க சொல்றது சரிதான்னு மேலயும் எழுதிட்டேன். நகர்த்த உத்தரவு வரலை. உங்களுக்கு மேல இன்ஜினியர் இருக்கிற மாதிரி எனக்கு மேலயும் ஒருத்தர் இருக்கார்" என்றார். டீயைப் பாதி குடித்துவிட்டு அண்ணன் திரும்பி வந்தார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அன்று சாயங்காலம் தண்ணீர் அறுபத்து நாலைத் தொட்டது. கீழ் வட்டத்தின் விளிம்பு நனைந்தது. அவர் ஜன்னலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணுன்னு போட்டிருக்கு தங்கச்சி. ரெண்டு தெரிஞ்சா அவன் என்ன நினைப்பான்?"

"அண்ணே, கரைமேல பீரங்கி நிக்குது. இனிமே வட்டத்தை யார் பார்க்கப் போறாங்க?"

"பீரங்கியைக் கண்டு ஒருத்தன் அடிக்கலாம்பான். வட்டத்தைப் பார்த்துட்டு இன்னொருத்தன் வேணாம்பான். அந்த இன்னொருத்தனுக்குத் தெரியணுமே" என்றார்.

மறுநாள் பலகையைப் பார்த்தேன், அறுபத்து மூன்றரை. விடாமல் மழை கொட்டுகிறது, தண்ணீர் எப்படி இறங்கும்? கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். பிறகு அடிமதகு அறைக்குப் போனேன். அவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் கைச்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். மோட்டாரைப் போட்டால் சத்தம் கேட்கும், கரண்டு செலவு மீட்டரில் தெரியும். கையால் சுற்றினால் நூற்று நாற்பது சுற்றுக்கு அரை அடிதான் கதவு தூக்கும். எழுத்தில் உத்தரவு இல்லாமல் மதகில் கை வைப்பது எங்கள் துறையில் சாதாரணக் குற்றமில்லை. அதுவும் நாலு வருஷப் பஞ்சத்துக்கப்புறம் வருகிற தண்ணீரை. அடுத்தவன் சோற்றில் கை வைக்கிற மாதிரிதான் அது.

என்னைப் பார்த்ததும் அவர் சக்கரத்தை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தங்கச்சி, காட்டிக் கொடுத்துடாதே."

"சைரன் ஊதலையே அண்ணே?" என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

"ஆறு ஏற்கெனவே மழையில நிறைஞ்சு ஓடுது. யாரும் இறங்க மாட்டாங்க. போன் போட்டும் விசாரிச்சுட்டேன்."

நான் அறைக்கு வந்தேன். மணி பத்து. போனை எடுத்தேன். எண்ணைக் கேட்டார்கள். என் வாய் 'அறுபத்தைந்து' என்றது. அவர் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. யாரும் சொல்லச் சொல்லவில்லை. எனக்கு அங்கே மகள் இல்லை, மாமியார் இல்லை. பயம்தான் சொல்ல வைத்தது. கேப்டனுடைய பீரங்கிச் சத்தமும் அந்த நனைந்த விளிம்பும் சேர்ந்து, அவருடைய பயம் எனக்கும் தொற்றிவிட்டது.

அதற்கப்புறம் பின்வாங்க முடியாது. ஒரு பொய்யை நிறுத்த அடுத்த பொய் வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் போய்ப் பலகையைப் பார்ப்பேன், அறுபத்து மூன்று, அறுபத்து மூன்றரை. திரும்பி வந்து மழை அளவையும் மேலிருந்து வரும் ஆற்று நீரையும் வைத்து, மதகை மூடியிருந்தால் தண்ணீர் எங்கே நின்றிருக்குமோ அந்த எண்ணைக் கணக்குப் போட்டுச் சொல்வேன். அறுபத்தெட்டு. எழுபது. எழுபத்து மூன்று. மறுமுனையில் இன்ஜினியரே வந்து, "சபாஷ், இந்த வருஷம் நிரம்பிடும் போலிருக்கே" என்று சந்தோஷப்பட்டார். யாராவது ஜீப்பில் வந்து பலகையைப் பார்த்தால் இரண்டு பேருக்கும் கம்பிதான். பாதை அடைபட்டிருந்ததால் யாரும் வரவில்லை. சிப்பாய்களுக்குத் தண்ணீர்க் கணக்கு தெரியாது. ஒரு நாள் கேப்டன் அடிமதகு அறைக்குள் எட்டிப் பார்த்து, "என்ன பண்றீங்க?" என்று கேட்டாராம். "கிரீஸ் போடறேன் ஐயா" என்றாராம் அண்ணன். ஒன்பது நாளும் அவர் கிரீஸ் போட்டார். உள்ளங்கைத் தோல் உரிந்து, துணி சுற்றிக்கொண்டு சுற்றினார். ஒன்பது நாளும் மூன்று வட்டமும் தெரிந்தன.

பத்தாம் நாள் காலை பத்தரை மணிக்குக் குண்டு விழுந்தது. முதல் குண்டு பீரங்கி ஒன்றைக் கவிழ்த்தது. அங்கேயே இரண்டு சிப்பாய்கள் செத்தார்கள். அடுத்தது மூன்றாம் மதகைத் தாக்கியது. மதகையும் அதை ஒட்டிய கரையையும் தண்ணீர் பிய்த்துக்கொண்டு போவதை நான் ஜன்னல் வழியே பார்த்தேன். பீரங்கிக்குக் குறிவைத்தது தவறிப் பட்டதா, அணையையே அடித்தார்களா என்று இன்றுவரை தெரியாது. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு அறிக்கை விட்டார்கள். பீரங்கியைக் கொண்டுவந்து நிறுத்தியவன்மேலும் எனக்கு ஆத்திரம், வட்டத்தைப் பார்த்துக்கொண்டே அடித்தவன்மேலும் ஆத்திரம்.

கரண்டு போய்விட்டது, போன் செத்துவிட்டது. நான் செருப்பைக்கூடப் போடாமல் மேட்டுக்கு ஓடினேன். ஓடியபிறகுதான் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் அணைமேல் நின்று கைச்சைரனைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு முப்பது அடி தள்ளிக் கரை கரைந்துகொண்டிருந்தது. அவர் வாய் கோணி அழுதுகொண்டிருந்தார், ஆனால் கை நிற்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிக் கீழே பார்த்துப் பார்த்துச் சுற்றினார். கால் மணி நேரம் சுற்றினார்.

ஆற்றோரத் தெருவில் தண்ணீர் ஜன்னல் மட்டம் வரை வந்தது. மகள், மருமகன், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அந்த மாமியாரைக் கட்டிலோடு தூக்கி மேஜைமேல் வைத்திருக்கிறார்கள். அந்தம்மாவுக்குப் பாதம் மட்டும் நனைந்ததாம். தெருவில் ஒரு உயிர் போகவில்லை.

ஆனால் அதற்கடுத்த கோடையில் ஊருக்குத் தண்ணீர் இல்லை. உடைப்பில் போனது போக, அதற்கு முன்பே ஒன்பது நாள் தண்ணீர் ஆற்றோடு போயிருக்கிறது என்று யாரோ அடிமதகைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு போகம் காய்ந்தது. மதகுக்காரன் தண்ணீரைத் திறந்துவிட்டான் என்று ஊரே மண்ணை வாரித் தூற்றியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். எங்கள் அறையிலேயே மேஜை போட்டு உட்கார்ந்தார்கள்.

"யார் உத்தரவுல திறந்தே?"

"யாரும் உத்தரவு போடலை ஐயா. பயந்துட்டேன்."

"என்ன பயம்?"

"எல்லாம்தான் ஐயா. வட்டம் முழுகிடும்னு பயம். பீரங்கியை நகர்த்தச் சொன்னேன், நகர்த்தலை. மகளை நகரச் சொன்னேன், முடியலைன்னுட்டா. என்னால நகர்த்த முடிஞ்சது தண்ணி ஒண்ணுதான் ஐயா."

மூவரில் இளையவர் ஒருவர் தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். போனில் பதிவான கடைசி எண்ணைப் பார்த்துவிட்டு, எழுபத்தாறு அடி நின்று உடைந்திருந்தால் ஆற்றோரத் தெருவில் கூரைகூடத் தெரிந்திருக்காது என்று மெதுவாகச் சொன்னார். பெரியவர், அது இந்த விசாரணையில் இல்லாத விஷயம் என்றார். பிறகு அண்ணனிடம் கேட்டார்.

"பொய் எண்ணைப் போன்ல சொன்னது இந்தம்மாவா?"

நான் சுவரோரமாக நின்றிருந்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அது நான் சொன்ன எண்ணைத்தான் சொல்லுச்சு ஐயா. மழையில வழுக்கும்னு பலகைப் பக்கம் அதைப் போக விடலை. நானே பார்த்துட்டு வந்து சொல்வேன்."

பெரியவர் என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீ ஒரு தடவைகூடப் பலகையைப் பார்க்கலையா?"

"இல்லை சார்" என்றேன்.

அவரை வேலையை விட்டு எடுத்தார்கள். என்னை எச்சரித்து விட்டுவிட்டார்கள். அவர் மகள் வீட்டுக்கே போய்விட்டார், அந்தத் தாழ்வான வீட்டுக்கு. தெருக்குழாயில் வரிசை நிற்கிற பெண்கள் அவர் காதுபடவே திட்டுவார்களாம். அவர் குடத்தை வைத்துக்கொண்டு வரிசையிலேயே நிற்பாராம். உன் மகளுக்காக ஊர்த் தண்ணீரைக் கொட்டினாய் என்றவர்களிடம்கூட, ஆமாம் என்று தலையாட்டினாராம்.

அணையைச் சரிசெய்து, இந்தத் தடவை கைப்பிடிச் சுவரை ஒட்டி, தொண்ணூறு அடிக்கும் மேலே, படுக்கை வரிசையில் மூன்று வட்டம் போட்டார்கள். நான் அவரைப் பார்க்கப் போனபோது முதலில் அதைத்தான் கேட்டார்.

"இனிமே முழுகாதே?"

"முழுகாதுண்ணே."

நான் அழுதேன். ஏன் அழுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. சக்கரம் சுற்றிச் சுற்றித் தழும்பேறிய கையால் டம்ளரை என் பக்கம் தள்ளினார். "நீ பயந்துட்டே, அவ்வளவுதானே? பயப்படறதுல என்ன தப்பு? தண்ணியைக் குடி" என்றார். போன மாசம் அவர் இறந்துபோனார். தெருவில் இருந்து நாலு பேர்தான் வந்தார்கள்.

இனி அவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே சொல்கிறேன். அந்த ஒன்பது நாளும் அவர் ஒரு தடவைகூடப் பலகைப் பக்கம் வரவில்லை. எட்டிப் பார்க்கப் பயம் அவருக்கு. பலகையைப் பார்த்தவள் நான். ஒவ்வொரு மணிக்கும் பார்த்தேன்.